லயக் காம்பராவும் வீட்டுத் தனிமையும்

கொவிட்-19 கொள்ளைநோய் உலகைப் பீடித்த 2020, 2021ஆம் ஆண்டுகளிலே அரசாங்கங்கள் தம் மக்களுக்கு இட்ட கட்டளைகளுள் மிக எளிமையானதெனத் தோன்றியது ‘வீட்டிலே தனித்திருங்கள்’ என்பதாகும். பிற நாடு சென்று மீண்டவர் பத்து நாளோ பதினான்கு நாளோ தம் வீட்டினின்று வெளியேறாதிருத்தல் வேண்டும். நோய்க்குறி தோன்றுகின்றதா என்று தம்மைத் தாமே கவனித்தல் வேண்டும். வசதி படைத்த நாடுகளிலே தம் மூக்கினுள் தாமே பஞ்சுக்குச்சியைச் செலுத்திப் பரிசோதித்துக் கொள்ளவும் வேண்டும். 2021ஆம் ஆண்டிலே பிரித்தானியாவுக்கு மீண்ட பயணிகளுட் பலர் பத்து நாள் வீட்டுத் தனிமையை மேற்கொண்டு, இரண்டாம் நாளிலும் எட்டாம் நாளிலும் பரிசோதனை செய்துகொண்டனர். பரிசோதனைப் பெட்டி தபாலில் வீடு தேடி வந்தது; எடுத்த மாதிரி தபாலிலேயே திரும்பிச் சென்றது. அந்நாட்டில் வாழும் தமிழர் பலருக்கு இது பழகிப்போன நடைமுறை.

இக்கட்டளை நான்கு பொருள்களை உள்ளடக்கி நிற்கின்றது. தனித்திருப்பதற்கு வீடு வேண்டும். அவ்வீட்டில் ஏனையோர் புகாத அறை ஒன்று வேண்டும். பரிசோதனைப் பெட்டியும் அதிகாரியின் அறிவித்தலும் வந்து சேர்வதற்கு முகவரி வேண்டும். வேலைக்குச் செல்லாத நாள்களிலும் அடுப்பெரிவதற்கு வருவாய் வேண்டும். இவை நான்கும் எல்லாரிடமும் உள்ளன என்று கொண்டமையாலேயே கட்டளை இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. நுவரெலியா, ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலே, லயங்களில் வாழும் குடும்பங்களுட் பெரும்பாலானவற்றுக்கு இந்நான்கில் ஒன்றேனும் முழுமையாக வாய்க்கவில்லை. ஆயினும் கட்டளை அங்கு நிறைவேறாதபோது குற்றம் லயத்தின்மீது சுமத்தப்படவில்லை. லயத்தில் வாழ்ந்தவர்மீதே சுமத்தப்பட்டது. ‘அறியாமை’, ‘ஒழுங்கின்மை’, ‘சொற்கேளாமை’ என்னும் பழைய வசைகள் புதிய நோயின் பெயரால் மீண்டும் உலா வந்தன. அவ்வசைகள் பொய் என்பதை எடுத்துக்காட்டுதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தனிமைப்படுத்தலின் வரலாற்றையும் லயக் காம்பராவின் அளவையும் நோக்குதலே போதுமானது.

தனிமைப்படுத்தல் என்னும் முறை பழைமையானது. 1377ஆம் ஆண்டிலே, இன்று துப்ரோவ்னிக் எனப்படும் அன்றைய இரகூசா நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் நகருக்கு வெளியே தங்கவேண்டுமென விதித்தது. பின்னர் அது நாற்பது நாளாயிற்று. நாற்பது என்னும் பொருள்படும் இத்தாலியச் சொல்லே குவாரன்டைன் என்று உலக மொழிகளிற் புகுந்தது. இம்முறையின் மருத்துவப் பயனை மறுத்தற்கில்லை. நோய்க்கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தாவும் வழியை அடைப்பது பொது நன்மை பயக்கும் செயலே. வினா வேறொன்று. யார் தனிமைப்படுத்தப்படுகின்றனர், எங்கே, யாரைக் காப்பதற்காக, யாருடைய செலவில் என்பதே அது. மலையகத் தமிழரின் வரலாற்றில் இவ்வினாவிற்குத் தெளிவான விடை உண்டு.

தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளருள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். அந்நாளில் அவர்கள் இறந்துபோவதைவிட, அவர்கள் வழியாக நோய் பரவுவதே ஆட்சியாளரைப் பெரிதும் அச்சுறுத்தியது. 1896ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது. அடுத்த ஆண்டிலேயே இந்தியாவிற் கொள்ளைநோய்ச் சட்டமும் இலங்கையில் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. இரண்டும் தத்தம் நாட்டில் அவ்வாண்டின் மூன்றாம் இலக்கச் சட்டங்களாக அமைந்தமை ஒரு தற்செயல். ஆனால் அவற்றின் நோக்கில் ஒற்றுமை இருந்தமை தற்செயலன்று. கப்பலில் வந்திறங்கிய தோட்டத் தொழிலாளர் கொழும்புக்கு அண்மையிலுள்ள ராகமையில் முகாமில் வைக்கப்பட்டனர். பின்னர் அம்முகாம் வாசம் கடலுக்கு அப்பாலேயே நடைபெறுமாறு மாற்றப்பட்டது. முதலில் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறையிலும், 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கிய பின்னர் மண்டபத்திலும் தொழிலாளர் நிறுத்தி வைக்கப்பட்டனர். இந்திய மண்ணிலே அமைந்த மண்டபம் முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம் என்பது கருதத்தக்கது.

மண்டபத்திலே தொழிலாளியின் உடைகள் தொற்றுநீக்கம் செய்யப்பட்டன. அவனுக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. நாள்கள் கழிந்த பின்னரே அவன் கப்பலேற அனுமதிக்கப்பட்டான். அதே தண்டவாளத்தில், அதே நோய் வழங்கும் அதே மாகாணத்திலிருந்து மேல்வகுப்பிற் பயணஞ் செய்தவர் நிலை வேறு. வைத்திய அதிகாரியின் பார்வையும் அனுமதிச் சீட்டும் அவருக்குப் போதுமாயின. இலங்கைக்கு வந்த பின்னர் அவர் தம் இருப்பிடத்திலிருந்தே வைத்தியக் கண்காணிப்பிற்கு உட்படலாம். மலாயாவுக்குச் சென்ற கப்பல்களிலும் இவ்வேறுபாடு நிலவியது. தளத்திற் படுத்துச் சென்ற தமிழ்த் தொழிலாளி பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தீவு முகாம்களில் இறக்கப்பட்டான். அறையிற் சென்ற பயணி நகருக்குள் நடந்தான். பிளேக் தெள்ளுப்பூச்சி பயணச் சீட்டின் வகுப்பை நோக்கிக் கடிப்பதில்லை. சட்டம் அதனை நோக்கியது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ‘வீட்டுத் தனிமை’ என்பது 2020இல் பிறந்த புதுமையன்று. அது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மேல்வகுப்புப் பயணியின் சலுகையாக இருந்தது. முகாம் தொழிலாளிக்கும், வீடு துரைக்கும் உரியனவாயின. கொவிட் காலத்தில் நிகழ்ந்தது, அச்சலுகை எல்லார்க்கும் உரிய கடமையாக அறிவிக்கப்பட்டமையே. சலுகை பொதுவாயிற்று, சலுகைக்கு ஆதாரமான வீடு பொதுவாகவில்லை.

நோயின் காரணம் இருப்பிடத்தில் இருக்க, அதனைத் தொழிலாளியின் உடலிலேயே தேடும் வழக்கம் மலையகத்தில் நெடுநாள் நிலைத்தது. அமெரிக்க ரொக்பெல்லர் மன்றம் 1916ஆம் ஆண்டளவில் இலங்கையிற் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. மருந்து கொடுத்தாற் புழு வெளியேறும். ஆனால் மலசலகூடம் இல்லாத இடத்தில், மருந்துண்டவன் மறுபடியும் வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்து அதே புழுவைப் பெறுவான். இதனை வைத்தியர்கள் விரைவிலேயே உணர்ந்தனர். மருந்தை வரவேற்ற தோட்ட உரிமையாளர் மலசலகூடம் கட்டும் செலவை விரும்பவில்லை. மருந்து தொழிலாளியை மீண்டும் வேலைக்கு அனுப்பியது. மலசலகூடமோ முதலீட்டைக் கோரியது. தொழிலாளியின் பழக்கவழக்கங்களைப் பழித்துரைக்கும் அறிக்கைகள் செலவின்றி எழுதக்கூடியனவாக இருந்தன.

இனி 2020ஆம் ஆண்டிற்கு வருவோர் முதலிற் காண்பது சட்டத்தின் பழைமையையே. அவ்வாண்டு ஒக்டோபரில், முகக்கவசம் அணிதல், ஒரு மீற்றர் இடைவெளி பேணல் ஆகியவற்றை விதித்து வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல், பிளேக் காலத்து 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழேயே பிறப்பிக்கப்பட்டது. மீறியோர்க்குப் பத்தாயிரம் ரூபா வரையிலான தண்டமும் ஆறு மாதம் வரையிலான சிறையும் விதிக்கப்படலாமென்றது. முகாம்களும் பழைமையை நினைவூட்டின. 2020 பெப்ரவரி 1ஆம் தேதி சீனாவின் வுஹான் நகரிலிருந்து அழைத்து வரப்பட்ட இலங்கையர் 33 பேர் தியத்தலாவை இராணுவ முகாமிலே தனிமைப்படுத்தப்பட்டனர். ஆங்கிலேயர் 1900ஆம் ஆண்டிலே போயர் யுத்தக் கைதிகளை அடைத்து வைத்த இடமே தியத்தலாவை. பின்பு வெளிநாட்டிலிருந்து மீண்டோர் இராணுவத்தின் மேற்பார்வையிலான நிலையங்களிலும், பணம் செலுத்த வல்லோர் விடுதிகளிலும் வைக்கப்பட்டனர். அங்கு பதினான்கு நாள் கழித்தவர் வீடு சென்று மேலும் பதினான்கு நாள் தனித்திருத்தல் வேண்டுமென்று பணிக்கப்பட்டனர். ஒக்டோபர் இறுதியில் நோயாளரோடு நெருங்கிப் பழகியோரும் வீட்டிலேயே தனிமைப்படுத்தப்படலாயினர். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலோ, கடுமையற்ற நோயாளரும் வீட்டிலிருந்தே தொலைபேசி வழியாக வைத்திய ஆலோசனை பெறும் முறை வந்தது. இவ்வாறு படிப்படியாக அரசின் சுமை வீட்டின் தோளுக்கு மாற்றப்பட்டது.

அவ்வீடு மலையகத்தில் எத்தகையது? லயக் காம்பராவின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது மலையகத்தார் எவரும் அறிந்த செய்தி. முன்னே ஓர் இஸ்தோப்பு. அதன் ஒரு பகுதி பெரும்பாலும் அடுப்படியாகியிருக்கும். ஒரே கூரையின் கீழ் பத்துக் காம்பராக்கள்; இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டி இன்னும் பத்து. அடுத்த காம்பராவில் இருமுவது சுவரூடே கேட்கும். தண்ணீருக்குப் பீலி பொது. மலசலகூடமும் பல லயங்களிற் பொது. 120 சதுர அடியில் ஆறு பேர் வாழ்வாராயின் ஒருவர்க்குரிய இடம் 20 சதுர அடி. ஒரு பாய் விரிக்கும் இடத்தினும் சிறிதே கூடியது. காற்றோட்டமுள்ள தனியறை வேண்டும், அது இல்லையேற் படுக்கைகளுக்கிடையே ஒரு மீற்றர் தூரமேனும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழங்கிய அறிவுரை. ஆறு பாய்களை ஒவ்வொரு மீற்றர் இடைவெளியில் விரிப்பதற்கு லயக் காம்பராவிலே தரையில்லை. இது கூட்டல் கழித்தல் அறிந்த எவர்க்கும் விளங்கும் உண்மை.

‘இவ்வறுமை மலையகத்திற்கு மட்டும் உரியதோ? கொழும்பின் தோட்டப்புறக் குடிசைகளிலும் தொடர்மாடிகளிலும் இதே நெருக்கம் இல்லையோ?’ என வினவுவார் உளர். நெருக்கம் அங்கும் உண்டு. அங்கு வாழ்வோர் பட்ட துன்பமும் சிறிதன்று. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. கொழும்பின் ஏழை நாலு பலகையும் ஒரு தகரமும் தேடிப் பக்கத்தில் ஒரு மறைப்பையேனும் கட்டலாம். லயக் காம்பராவில் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் குடும்பம் ஒரு சாய்ப்பை இறக்குவதற்கும் தோட்ட நிருவாகத்தின் அனுமதியை நாடி நிற்கவேண்டும். காம்பரா நிருவாகத்தினது, அது நிற்கும் நிலமும் குடியிருப்போர்க்கு உரியதன்று. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், காம்பராவின் சாவி யாரிடம் என்பது மாறவில்லை. தன் வீட்டில் ஓர் அறையைக் கூட்டும் உரிமையை மறுத்துவிட்டு, அவ்வறையிலே தனித்திருக்கவில்லையென்று ஒருவரைக் குறைகூறுவது நேர்மையாகாது.

மலையகத்தில் ‘வெளிநாட்டுப் பயணி’ யார் என்பதும் சிந்திக்கத்தக்கது. சர்வதேசப் பயணம் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் உள்ளத்தில் தோன்றுவோர் சுற்றுலாப் பயணியும் வர்த்தகரும் மாணவருமே. தேயிலைத் தோட்டத்திலிருந்து விமான நிலையத்திற்குச் செல்வோரிற் பெரும்பாலார் மத்திய கிழக்கு வீடுகளிலே பணிபுரியச் செல்லும் பெண்கள். பிள்ளைகளின் படிப்புக்காகவும் கடன் தீர்ப்பதற்காகவும் சென்ற அவர்கள், 2020இல் வேலையிழந்து, விமானமின்றித் தவித்து, பின் முகாமிருந்து மீண்டனர். அவர்களை நோக்கியே ‘வீடு சென்று மேலும் பதினான்கு நாள் ஓர் அறையில் தனித்திருங்கள்’ என்று கூறப்பட்டது. பிள்ளைகளைப் பிரிந்து ஆண்டுகள் கழித்த ஒரு தாய், ஒற்றைக் காம்பராவுக்குள் அப்பிள்ளைகளிடமிருந்து எவ்வாறு ஒதுங்கியிருப்பாள்? இஸ்தோப்பில் சீலை கட்டி மறைத்துக்கொண்டாலும் மலசலகூடத்திற்குப் பக்கத்துக் காம்பராக்களைக் கடந்தே செல்ல வேண்டும். அவள் விதியை மீறினாள் என்று அதிகாரி எழுதுவாராயின், அவ்வேட்டில் ஒரு பொய்யும் இராது. உண்மையும் முழுமையாக இராது.

நாட்டினுள்ளேயே இடம்பெயர்ந்து தொழில் செய்யும் மலையக இளைஞர் நிலையும் இத்தகையதே. கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்வோரிற் பலர் முதலாளி தரும் இடத்திலேயே படுத்துறங்குபவர். கடை மூடினால் உறங்குமிடமும் மூடிவிடும். 2020 நவம்பர் 14ஆம் தேதி தீபாவளி. மேல் மாகாணத்திலிருந்து வெளியேறுவது அந்நாள்களில் தடைசெய்யப்பட்டிருந்தது. தோட்டங்களுக்குத் திரும்ப வேண்டாமென்னும் வேண்டுகோள்களும் விடுக்கப்பட்டன. நோயைத் தோட்டத்திற்குக் கொண்டுசெல்லாதிருத்தல் நல்லதே. ஆயினும், திரும்ப வேண்டாமென்று சொல்லப்பட்ட இளைஞன் எங்கே தங்குவது, எதை உண்பது என்னும் வினாக்களுக்கு வேண்டுகோளில் விடையிருக்கவில்லை.

இனி வருவாய்க்கு வருதல் வேண்டும். நாடு முழுவதும் ஊரடங்கிய 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களிலே தேயிலைத் தோட்ட வேலைக்கு விலக்களிக்கப்பட்டது. கொழுந்து முற்றினால் வீணாகும் என்பது காரணம். ஏற்றுமதியால் ஆண்டுதோறும் நூறு கோடி டொலருக்கு மேல் ஈட்டித்தரும் பயிரை நாடு கைவிட இயலாது என்பதும் உண்மை. அதே ஏப்ரல் மாதத்திலே, 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் தன் வரலாற்றில் முதன்முறையாக இணையவழி நடந்தது. தேயிலையை வாங்குவோரும் விற்போரும் தம் வீட்டிலிருந்தே விலைகூறினர். தேயிலையைப் பறித்தோர் பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து மலையேறினர். ஒரே பண்டத்தின் இரு முனைகளில் நின்றோர்க்கு ஒரே நோய் இரு வகையான விதிகளை வகுத்தது. நாட்டுக்காகப் பணிசெய்தவர் என்று வைத்தியர்க்கும் தாதியர்க்கும் கைதட்டிய நகரம், கொழுந்து பறித்தவளையும் அவ்வரிசையில் வைத்து எண்ணியதாகத் தெரியவில்லை.

தோட்டத் தொழிலாளியின் சம்பளம் நாட்கூலி. ‘பேர்’ விழுந்த நாளுக்கே கூலி உண்டு. 2020இல் அடிப்படை நாட்கூலி 700 ரூபா. பதினான்கு நாள் தனிமையில் வேலைநாள் பன்னிரண்டு எனக் கொண்டால் ஒருவர் இழப்பது 8,400 ரூபா; 2021 மார்ச்சிற் கூலி 1,000 ரூபாவாக உயர்ந்த பின்னர் 12,000 ரூபா. ஒரு காம்பராவில் ஒருவர்க்கு நோய் கண்டால் அக்காம்பராவில் உழைப்போர் அனைவரும் பேர் இழப்பர். தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு அரசு உலருணவு வழங்க ஏற்பாடு செய்தமை பாராட்டத்தக்கது. ஆயினும் உணவுப் பொதி கூலிக்கு ஈடாகாது; அடகுக்கடை வட்டியையும் கடைக் கடனையும் அது தீர்க்காது. இந்நிலையில் ஒருவர் தம் காய்ச்சலை மறைத்து மலைக்குச் சென்றிருப்பின், அதனை அறியாமையென்பது பொருந்தாது. அவர் தம் கணக்கை நன்கறிந்தே மறைத்தார். மாதச் சம்பளம் குறையாது வீட்டிலிருந்து விரிவுரை நடத்தியோரும் கேட்டோரும் அக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

சுயபரிசோதனையை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனைக்குச் செல்லாது, வீட்டிலேயே கால் மணி நேரத்தில் முடிவறியும் முறை மனித அறிவின் சிறந்த பேறுகளில் ஒன்று. மருத்துவமனை எட்டாத மலைத்தோட்டத்திற்கே அது மிகப் பொருத்தமானதெனவும் கூறலாம். ஆனால் பரிசோதனை தருவது ஓர் அறிவையே. அவ்வறிவைச் செயலாக்குவதற்கு வேறு வசதிகள் வேண்டும். பல அறைகளுள்ள வீட்டில் முடிவு ‘தொற்று உண்டு’ என்று வந்தால், நோயாளி அடுத்த அறைக்குச் செல்வார், வீட்டார் தப்புவர். லயத்தில் அடுத்த அறை அடுத்த குடும்பத்தினுடையது. அங்கே பரிசோதனையின் முடிவு அச்சத்தையும் கூலியிழப்பையும் மட்டும் தரும்; பாதுகாப்பைத் தராது. அச்சமும் இழப்பும் மட்டுமே தரும் பரிசோதனையை மக்கள் தாமாக நாடுவர் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

முகவரி பற்றியும் ஒரு சொல். லயத்தில் வாழ்வோர் பலர்க்குத் தனி வீட்டிலக்கமுள்ள முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே முகவரி. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வரும். அங்கிருந்து கைமாறி உரியவரை அடையும். தேர்வு முடிவும் வேலைக்கான நேர்முக அழைப்பும் காலந்தாழ்ந்து கிடைத்த கதைகள் மலையகத்தில் மலிந்தவை. பரிசோதனைப் பெட்டியைத் தபாலில் அனுப்பி மாதிரியைத் தபாலிற் பெறும் பிரித்தானிய முறை நாளை இங்கு வருமாயின், அது லயத்தின் வாசலை எட்டுமுன் கந்தோர் மேசையைக் கடக்கவேண்டும். ஒருவரது நோய் பற்றிய செய்தி அவருக்கு வேலை கொடுப்பவரின் கைவழியே சென்று சேர்வதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

‘இக்குறைகளெல்லாம் தீர்ந்து வருகின்றன; புதிய வீடுகள் எழுகின்றனவே’ என்பார் கூற்றையும் ஆராய்தல் தகும். இந்திய உதவித் திட்டத்தின் கீழ் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் எழுந்தமை உண்மை. 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் மலையகம் வந்தபோது மேலும் பதினாயிரம் வீடுகளுக்கான உறுதி அளிக்கப்பட்டது. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்திற்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் சட்டத்தால் நிறுவப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடைபவனி புறப்பட்டபோதும், தோட்டக் குடும்பங்களிற் பாதிக்கு மேற்பட்டவை லயங்களிலேயே வாழ்ந்தன. கொள்ளைநோய் வீட்டுத் திட்டம் முடியும்வரை காத்திருப்பதில்லை.

மற்றொரு சாரார், ‘தோட்ட மக்களுக்குச் சுகாதார விழிப்புணர்வு ஊட்டுதலே முதற்கடமை’ என்பர். விழிப்புணர்வு வேண்டாமென்பார் இலர். ஆனால் கைகழுவச் சொல்லும் சுவரொட்டி பீலியில் நீர் வற்றிய நாளில் என்ன செய்யும்? விழிப்புணர்வு பற்றிப் பேசுவோர், விழிப்படைய வேண்டியவர் காம்பராவில் வாழ்பவரா, காம்பராவைக் கட்டிக் காப்பவரா என்று முதலில் தெளிதல் நன்று. 1872ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்துக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. சட்டம் வந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும், தோட்ட வைத்தியசாலைகள் முழுமையாக அரசின் சுகாதார சேவையோடு இணையவில்லை. நாட்டின் ஏனைய குடிமக்கள் உரிமையாகப் பெறும் மருத்துவத்தைத் தோட்டத்தவர் நிருவாகத்தின் தயவில் பெறும் நிலை தொடர்ந்தது. விழிப்புணர்வுக் குறைவு மேலிடத்திலும் உண்டென்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது யாது? முதலாவது, 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தைத் திருத்துதல். அச்சட்டம் தனிமைப்படுத்தப்படுவோனின் கடமைகளையும் மீறினால் வரும் தண்டத்தையும் விரிவாகக் கூறுகின்றது. தனிமைப்படுத்தும் அரசின் கடமைகளையும் அவ்வளவு விரிவாக அது கூறுதல் வேண்டும். தனித்திருக்கத் தகுந்த இடமும் உணவும் இழந்த கூலியும் வழங்காது ஒருவரைத் தனித்திருக்கப் பணிக்கலாகாது; வழங்காதபோது மீறியவரைத் தண்டிக்கவும் ஆகாது. பொது நன்மைக்காக ஒருவர் பதினான்கு நாள் வேலையிழப்பாராயின் அவ்விழப்பைப் பொது நிதியும் அவர் உழைப்பாற் பயன்பெறும் கம்பனியும் ஏற்பதே நீதி.

இரண்டாவது, லயங்கள் ஒழியும்வரை ஒவ்வொரு தோட்டத்திலும், இயன்றவிடத்து ஒவ்வொரு பிரிவிலும், தனியறைகளும் தனி மலசலகூடங்களும் கொண்ட நலன்பேணில்லம் ஒன்று அமைதல் வேண்டும். அது தோட்ட நிருவாகத்தின் கீழோ இராணுவத்தின் கீழோ இயங்காது, பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பில் இயங்குதல் வேண்டும். நோயற்ற காலத்தில் அது தாய்சேய் நல நிலையமாகவும் முதியோர் தங்குமிடமாகவும் பயன்படலாம். மண்டபத்தைப் போல மக்களை ஊருக்கு வெளியே நிறுத்தி ஊரைக் காக்கும் முகாமாக அன்றி, ஊருக்குள்ளேயே ஊரவரைக் காக்கும் இல்லமாக அது அமையும்.

மூன்றாவது, காணியும் வீட்டிலக்கமும். ஏழு பேர்ச் காணிக்குத் தெளிவான உறுதியும், அதில் தன் விருப்பப்படி ஓர் அறையைக் கூட்டும் உரிமையும், தபாற்காரர் நேரே வந்து தட்டும் கதவும் கிடைத்தாலன்றி, சுயபரிசோதனையும் வீட்டுச் சிகிச்சையும் தொலைபேசி வைத்தியமும் மலையகத்தில் வெறுஞ் சொற்களாகவே நிலைக்கும். சுகாதாரத் திணைக்களம் தன் திட்டத்தை வரையும்போது காணித் திணைக்களத்தின் கோப்பையும் உடன் திறந்து பார்க்க வேண்டிய இடம் மலையகம்.

மண்டபம் முகாமின் பிற்கால வரலாறு இவ்வுண்மையை மேலும் வலியுறுத்துகின்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் வந்து தங்கியதும் அதே மண்டபத்திலேயே. 1983இன் பின் போரிலிருந்து தப்பிச் சென்ற இலங்கைத் தமிழர்க்கும் அது அகதி முகாமாயிற்று. வரும்போது ‘நோய் கொண்டு வருவோர்’ என்றும், திரும்பும்போது ‘நாடற்றோர்’ என்றும் ஒரே கம்பி வேலிக்குள் நிறுத்தப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்திற்கு, வீடு என்பது எத்துணை அரிதான பொருள் என்பதைச் சட்டம் இயற்றுவோர் உணர்தல் வேண்டும்.

மலையகத்தின் அடிவாரத்திலே பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. மருத்துவம், பொறியியல், விவசாயம், சமூகவியல், புவியியல் ஆகிய துறைகள் அங்கு ஒருசேர வளர்கின்றன. லயங்களின் அளவையும் நீர்வசதியையும் மலசலகூட எண்ணிக்கையையும் தோட்டந்தோறும் அளந்து பதிவதற்கும், நலன்பேணில்லத்திற்குக் குறைந்த செலவில் வரைபடம் தருவதற்கும், சட்டத் திருத்தத்திற்கு ஆதாரம் திரட்டுவதற்கும் வேண்டிய அறிவு அங்குண்டு. லயத்திலிருந்து வந்து அங்கு பயிலும் மாணவரும் இன்று உளர். அடுத்த கொள்ளைநோய் வருவது உறுதி. அதன் நாள்தான் தெரியாதது. அந்நாளில் ‘வீட்டிலே தனித்திருங்கள்’ என்னும் கட்டளை மீண்டும் பிறக்கும். அதற்கு முன்னர் லயங்களின் கணக்கு எடுக்கப்பட்டு, சுகாதார அமைச்சின் மேசையிலும் கம்பனிகளின் மேசையிலும் வைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.